டெபியன் அப்டேட்களை நம்பி ஆறு வருடம்

தென்காசிப் பக்கம் என் மைத்துனர் ஒரு டிடிபி கடை வைத்திருக்கிறார். கல்யாணப் பத்திரிகை, பள்ளிக்கூட வினாத்தாள், கோயில் கொடை நோட்டீஸ், பில் புக், இப்படிப் போகும் வேலை. அங்கே இருக்கிற ஐந்து கம்ப்யூட்டர்களையும் 2019-இலிருந்து நான்தான் பார்த்துக்கொள்கிறேன். ஐந்திலும் விண்டோஸுக்குப் பதிலாக டெபியன் என்ற இலவச லினக்ஸ் இயங்குதளம். அந்த வருடம் ஜூலையில் வந்த 10-ஆம் பதிப்பில் (பஸ்டர்) தொடங்கி 11, 12 என்று ஒவ்வொரு படியாக ஏறி, 2025 ஆகஸ்ட் 9-ஆம் தேதி வெளியான 13-க்கு, அதாவது ட்ரிக்ஸிக்கு, நான்கு மெஷின்கள் வந்துவிட்டன. ஐந்தாவது ஏன் வரவில்லை என்பதைக் கடைசியில் சொல்கிறேன். இந்த ஆறு வருடத்தில் ஒரு மெஷினைக்கூட ஃபார்மேட் செய்து புதிதாகப் போட வேண்டி வரவில்லை. எனக்கு இது பெரிய விஷயம், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

டெபியனின் டெஸ்க்டாப் அழகு, ஐகான், வால்பேப்பர் பற்றியெல்லாம் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நிறுவி முடித்த மறுநாளிலிருந்து வருடக்கணக்கில் வந்துகொண்டே இருக்கும் அப்டேட்களைத்தான் இங்கே மதிப்பிடப் போகிறேன். கடை வைத்திருப்பவருக்கு அதுதான் முக்கியம். முகூர்த்த சீசனில் காலையில் மெஷினை ஆன் செய்தால் நேற்று எப்படி இருந்ததோ அப்படியே இருக்க வேண்டும், பிரின்டர் வேலை செய்ய வேண்டும், ஆனால் பாதுகாப்பு ஓட்டைகளும் அடைபட்டிருக்க வேண்டும். இந்த இரண்டையும் ஒன்றாகக் கொடுப்பது சாதாரண வேலை இல்லை.

டெபியனுக்கு யாரும் சந்தா கட்டுவதில்லை. 1993 ஆகஸ்டில் இயன் மர்டாக் தொடங்கிய திட்டம், இன்றுவரை தன்னார்வலர்கள் நடத்துகிறார்கள். 13-ஆம் பதிப்பில் 69,000-க்கும் அதிகமான பேக்கேஜ்கள், அதாவது அப்படியே நிறுவிக்கொள்ளத் தயாராகக் கட்டிய மென்பொருள்கள், இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் பராமரிப்பாளர் என்று ஒருவரோ ஒரு குழுவோ பொறுப்பு. மூல நிரலை எழுதியவர்கள் வேறு, இவர்கள் வேறு. எந்த லைப்ரரி (பல மென்பொருள்கள் பொதுவாகப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பு) வேண்டும், எது எதோடு ஒத்துப்போகாது, எந்தக் கோப்பு எங்கே உட்கார வேண்டும், பழைய பதிப்பிலிருந்து புதியதற்கு மாறும்போது நம் அமைப்புக் கோப்புகளை என்ன செய்ய வேண்டும் என்பதையெல்லாம் எழுதி, வருகிற பிழைப் புகார்களுக்குப் பதில் சொல்லி, தேவைப்பட்டால் மூல ஆசிரியரோடு மல்லுக்கட்டுவதும் இவர்கள்தான். நாம் டெர்மினலில், டெபியனின் நிறுவும் கருவியான ஆப்ட்டுக்கு, ஆப்ட் இன்ஸ்டால் என்று ஒரு வரி அடித்து அரை நிமிடத்தில் முடிக்கிற காரியத்துக்குப் பின்னால் இவ்வளவு பேர் உழைப்பு இருக்கிறது. இதை நான் முதல் இரண்டு வருடம் யோசித்துக்கூடப் பார்த்ததில்லை.

ஒரு மென்பொருளின் புதிய பதிப்பு வந்தால் அது முதலில் அன்ஸ்டேபிள் என்ற கிளைக்குப் போகும். அதற்கு எப்போதும் சிட் என்றுதான் பெயர். அங்கே சில நாள் இருந்து, பெரிய பிழை எதுவும் பதிவாகாமல், தானியங்கிச் சோதனைகளிலும் தேறினால், டெஸ்டிங்குக்கு நகரும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை போல டெஸ்டிங்கை உறைய வைப்பார்கள். அதன்பின் புதுச் சரக்கு உள்ளே வராது, இருக்கிற பிழைகளைத் தீர்ப்பது மட்டும்தான். ட்ரிக்ஸிக்கு இந்த உறைநிலை 2025 மார்ச் நடுவில் தொடங்கியது, ஸ்டேபிள் என்று வெளியானது ஆகஸ்டில். அதாவது புதிதாக வெளியாகும் நாளிலேயே அதில் உள்ளவை பல மாதம் பழையவை. இதைத்தான் எல்லோரும் டெபியனின் குறை என்று சொல்வார்கள். நானும் சொல்லியிருக்கிறேன்.

என் எண்ணம் மாறியது 2024 மார்ச் கடைசியில். ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற பொறியாளர் தன் மெஷினில் எஸ்எஸ்ஹெச் (தூரத்திலிருந்து ஒரு மெஷினுக்குள் நுழையும் வழி) லாகின் அரை நொடி கூடுதலாக எடுப்பதைக் கவனித்து, ஏன் என்று தோண்டிக்கொண்டே போய், எக்ஸ்இசட் என்ற கம்ப்ரெஷன் மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் ஒருவர் திட்டமிட்டு ஒளித்து வைத்த பின்கதவைக் கண்டுபிடித்தார். மார்ச் 29 அன்று விஷயம் வெளியே வந்தது. அந்தப் பதிப்புகள் டெபியனின் அன்ஸ்டேபிளுக்கும் டெஸ்டிங்குக்கும் வந்துவிட்டிருந்தன. கடை மெஷின்களில் இருந்த ஸ்டேபிளில் 5.4.1 தான். அன்று ராத்திரி செய்தியைப் படித்துவிட்டு அவசரமாக ஐந்து மெஷினிலும் பதிப்பைப் பார்த்தது ஞாபகம் இருக்கிறது. பழையது என்று நான் குறைபட்டுக்கொண்ட அதே விஷயம் கடையைக் காப்பாற்றியிருந்தது. தாமதமும் இந்தச் சேவையில் ஒரு பகுதி என்று அன்றைக்குப் புரிந்தது. நடுவில் பல பேர் கண் படுவதற்கான நேரம் அது.

சரி, பழைய பதிப்பையே வைத்துக்கொண்டால் பாதுகாப்பு ஓட்டைகளுக்கு என்ன வழி என்று கேட்பீர்கள். இங்கேதான் டெபியனின் வேலைமுறையைப் புரிந்துகொள்ள வேண்டும், புரியாமல் தடுமாறுகிறவர்கள் நிறைய. டெபியன் பெரும்பாலும் புதிய பதிப்பைக் கொண்டுவந்து திணிக்காது. ஓட்டையை அடைக்கும் அந்தச் சில வரி நிரலை மட்டும் எடுத்து, நம்மிடம் இருக்கும் பழைய பதிப்பில் பொருத்தி அனுப்பும். அதனால் பதிப்பு எண்ணின் முன்பகுதி மாறாது, வாலில் மட்டும் டெப்12யு1, டெப்12யு2 என்று ஏறிக்கொண்டே போகும்.

2024 ஜூலை 1-ஆம் தேதி எஸ்எஸ்ஹெச் சேவையைத் தரும் ஓப்பன்எஸ்எஸ்ஹெச் மென்பொருளில் ஒரு பெரிய ஓட்டை வெளியானது, 8.5 முதல் 9.7 வரையான பதிப்புகள் பாதிக்கப்பட்டவை. டெபியன் 12-இல் இருந்தது 9.2. அன்றைக்கே டெப்12யு3 என்ற வாலோடு திருத்தம் வந்துவிட்டது. டெபியன் 11-இல் இருந்தது 8.4 என்பதால் அதற்கு ஆபத்தே இல்லை. இது நடந்து சில வாரம் கழித்து, கடைக்கு வெளியே நான் பார்த்துக்கொள்ளும் ஒரு சின்ன சர்வரைச் சோதித்த ஒரு நிறுவனம், ஓப்பன்எஸ்எஸ்ஹெச் 9.2 இருக்கிறது, ஆபத்து, உடனே 9.8 போடுங்கள் என்று சிவப்பு எழுத்தில் அறிக்கை அனுப்பிவிட்டது. எண்ணின் முன்பாதியை மட்டும் பார்த்துச் சொல்கிற சோதனை அது. டெபியனின் பாதுகாப்புக் கண்காணிப்புப் பக்கத்தில் ஒவ்வொரு ஓட்டைக்கும் எந்தப் பதிப்பில், எந்த வாலில் திருத்தம் வந்தது என்று தெளிவாக இருக்கும். அந்தப் பக்கத்தையும், மெஷினில் நிறுவியுள்ள பேக்கேஜின் மாற்றக் குறிப்பையும் எடுத்து அனுப்பினேன், இரண்டு மெயிலில் ஒத்துக்கொண்டார்கள். உங்களுக்கும் இப்படி வந்தால் பதறி வெளியிலிருந்து புதிய பதிப்பை இறக்கிவிடாதீர்கள். அதற்கப்புறம் டெபியனின் பாதுகாப்புக் குழு அந்த மென்பொருளுக்கு அனுப்பும் திருத்தங்கள் உங்களுக்குப் பொருந்தாது.

இதற்கு விதிவிலக்கு பிரவுசர்கள். ஃபயர்ஃபாக்ஸின் நீண்டகாலப் பதிப்பும் குரோமியமும் ஸ்டேபிளிலும் புதிய பதிப்பாகவே வரும், அவற்றில் இருக்கிற நிரலுக்குத் தனித்தனியாக ஒட்டுப்போட்டு மாளாது என்பதால். கடையில் இதனால் ஒரு தொல்லையும் வந்ததில்லை.

எல்லாமே சரியாக நடந்தது என்று சொன்னால் அது பொய். 2023 டிசம்பரில் 12.3 என்ற இடைவெளியீடு வரவேண்டிய சமயத்தில், அதோடு வந்த கெர்னலில் (இயங்குதளத்தின் மையப் பகுதி) எக்ஸ்டி4 கோப்பு முறைமையில் தரவைக் கெடுக்கும் பிழை இருப்பது தெரிந்து வெளியீட்டை நிறுத்தினார்கள். அடுத்த நாளே திருத்திய கெர்னலோடு 12.4 என்று விட்டார்கள். கெர்னல் மூலத்திலேயே இருந்த பிழை அது. வேகமாகச் சரிசெய்தார்கள், வெளிப்படையாகவும் சொன்னார்கள், ஆனால் ஸ்டேபிள் என்றால் கண்ணை மூடிக்கொள்ளலாம் என்று யாரும் நினைக்கக் கூடாது. அதைவிடப் பழையது, அதைவிட மோசமானது, 2008 மே மாதம் வெளியே வந்த, மறையாக்கத்துக்கான ஓப்பன்எஸ்எஸ்எல் மென்பொருளின் விவகாரம். டெபியன் பராமரிப்பில் சில வரிகளை நீக்கியதால் 2006-இலிருந்து உருவாக்கப்பட்ட மறையாக்கச் சாவிகள் எளிதில் ஊகிக்கக் கூடியவையாக ஆகிவிட்டன. ஒவ்வொரு வகைக்கும் சில பத்தாயிரம் சாவிகள்தான் சாத்தியம் என்ற நிலை, உலகம் முழுக்க சர்வர்களில் சாவிகளை மாற்ற வேண்டியிருந்தது. நடுவில் மனிதர்கள் இருப்பது பலம், அதுவே ஆபத்தும்கூட. இரண்டையும் தெரிந்துகொண்டுதான் நான் இதை நம்புகிறேன்.

என் சொந்த அனுபவத்தில் நடந்த ஒரே பெரிய விபத்து, டெபியனுக்கு வெளியிலிருந்து வந்தது. ஒரு கலர் பிரின்டருக்காக அதை விற்றவர்கள் கொடுத்த ரெப்போவை (ஆப்ட் பேக்கேஜ்களை இறக்கிக்கொள்ளும் கிடங்கு) 11-ஆம் பதிப்பில் சேர்த்திருந்தேன். டிரைவர் மட்டும்தான் இருக்கும் என்று நினைத்தேன். அதில் பொதுவான லைப்ரரிகள் சிலவும், டெபியனில் இருப்பதைவிட உயர்ந்த எண்ணோடு, இருந்திருக்கின்றன. ஒவ்வொரு முறை அப்டேட் செய்யும்போதும் ஆப்ட் எண்ணைப் பார்த்து அதையே எடுத்துக்கொண்டு வந்திருக்கிறது. 2023-இல் 12-க்கு ஏற்றும்போது முடிச்சு இறுகிவிட்டது. புதிய டெஸ்க்டாப்புக்கு வேண்டிய லைப்ரரி டெபியனுடையது, நிறுவியிருப்பதோ வெளியாருடையது, இரண்டும் சேர்ந்து இருக்க முடியாது. அதற்கு ஆப்ட் கண்டுபிடித்த தீர்வு நீண்ட நீக்கல் பட்டியல். பட்டியலை அது ஒளிக்கவில்லை, திரையில் முழுதாகக் காட்டிவிட்டுத்தான் கேட்டது. ராத்திரி பதினோரு மணி, நான் முழுதாகப் படிக்காமல் ஒய் அடித்துவிட்டேன். மறுபடி ஆன் செய்தபோது டெஸ்க்டாப்பும் இல்லை, பிரின்ட் சேவையான கப்ஸும் இல்லை, வெறும் கறுப்புத் திரை. மறுநாள் காலை ஒரு பள்ளிக்கூடத்துக்கு வினாத்தாள் போக வேண்டும். வெளியார் ரெப்போவை நீக்கி, அதிலிருந்து வந்த ஒவ்வொரு பேக்கேஜையும் கண்டுபிடித்து டெபியனின் பதிப்புக்கு இறக்கி, டெஸ்க்டாப்பைத் திரும்ப நிறுவி முடிக்கும்போது மணி மூன்று. நல்ல வேளை, கோப்புகள் எதற்கும் ஒன்றும் ஆகவில்லை.

அன்றைக்குத் தேடும்போதுதான் டெபியன் விக்கியில் இப்படி மெஷினைக் கெடுத்துக்கொள்ளாமல் இருப்பதற்கென்றே ஒரு பக்கம் இருப்பதைப் பார்த்தேன். இங்கே கொஞ்சம் அங்கே கொஞ்சம் என்று ஒட்டிச் சேர்த்த மெஷினுக்கு ஃப்ராங்கன்டெபியன் என்று பெயரே வைத்திருக்கிறார்கள். வேறு வழியே இல்லாமல் வெளி ரெப்போ சேர்க்கத்தான் வேண்டும் என்றால், இடிசி ஆப்ட் ப்ரெஃபரன்சஸ் கோப்பகத்தில் அந்த ரெப்போவுக்கு முன்னுரிமை எண்ணை 100-ஆகக் குறைத்து, உங்களுக்கு வேண்டிய அந்த ஒரு பேக்கேஜுக்கு மட்டும் 500 கொடுங்கள். டெபியனின் சாதாரண முன்னுரிமை 500. இதைச் செய்திருந்தால் அன்று ராத்திரி நான் தூங்கியிருப்பேன். புதிய மென்பொருள் வேண்டுமென்றால் முதலில் டெபியனின் சொந்த பேக்போர்ட்ஸில் தேடுங்கள். அடுத்த பதிப்புக்கானதை இப்போதைய ஸ்டேபிளுக்காகவே மறுபடி கட்டி வைத்திருப்பார்கள், நீங்களாகக் கேட்டால் ஒழிய அது உள்ளே வராது. அதிலும் இல்லையென்றால் ஃபிளாட்பேக், மென்பொருளை அதற்கு வேண்டியவற்றோடு தனியாக நிறுவும் முறை. அடிப்படை லைப்ரரிகளை அது தொடுவதே இல்லை.

2025-இல் 12-இலிருந்து 13-க்கு ஏற்றிய கதை இதற்கு நேர்மாறு. வெளியான உடனே ஏற்றவில்லை, 13.1 வரட்டும் என்று காத்திருந்தேன், அது செப்டம்பர் 6-ஆம் தேதியே வந்துவிட்டது. அதற்கடுத்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கடையை மூடி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முந்தைய வாரமே வெளியீட்டுக் குறிப்புகளை முழுவதும் படித்தாகிவிட்டது. டெபியனின் வெளியீட்டுக் குறிப்புகள் விளம்பரம் மாதிரி இருக்காது. இது உடையும், அது மாறும், இதைச் செய்யாமல் ஏற்றாதே என்று பட்டியல் போட்டுச் சொல்கிற ஆவணம் அது. ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும். பூட் பகிர்வு (கெர்னல்கள் இருக்கும் வட்டுப் பகுதி) குறைந்தது 768 எம்பி, அதில் சுமார் 300 எம்பி காலியாக இருக்க வேண்டும் என்று அதில் இருந்தது. இரண்டு மெஷினில் பழைய கெர்னல்கள் அடைத்துக்கொண்டு கிடந்தன, முன்கூட்டியே நீக்கினேன். படிக்காமல் போயிருந்தால் நடுவழியில் இடம் இல்லாமல் நின்றிருக்கும்.

அப்புறம் தற்காலிகக் கோப்புகளுக்கான டெம்ப் கோப்பகம். 13-இலிருந்து அது வட்டில் இல்லாமல் நினைவகத்திலேயே இருக்கும், ரீபூட் செய்தால் காலி. கடையில் வேலை பார்க்கும் பெண் வாடிக்கையாளர்களின் வாட்ஸப் ஃபைல்களை எங்கே சேமிக்கிறார் என்று கேட்டேன். "எல்லாம் டெம்ப்ல தாண்ணே போடுவேன், அப்பதான் டெஸ்க்டாப் குப்பையாகாது" என்றார். நல்ல வழக்கம்தான், ஆனால் ஏற்றியபின் ரீபூட்டைத் தாண்டி அங்கே எதுவும் நிற்காது. வேறு ஒரு கோப்பகம் உண்டாக்கி எல்லாவற்றையும் அங்கே மாற்றிக் கொடுத்தேன். பழையபடி வட்டிலேயே இருக்கட்டும் என்றால் அதற்கும் வழி குறிப்புகளிலேயே இருக்கிறது.

ஏற்றும் வேலையே நேரானது. முதலில் 12-ஐ அதன் கடைசி நிலைக்குக் கொண்டுவர வேண்டும். பேக்கப், அதுவும் வேறு வட்டில். வெளி ரெப்போ இருந்தால் நிறுத்திவைக்க வேண்டும். பிறகு ரெப்போ விவரங்கள் உள்ள சோர்சஸ் கோப்பில் புக்வோர்ம் (12-இன் பெயர்) என்று இருக்கும் இடத்திலெல்லாம் ட்ரிக்ஸி என்று மாற்றி, ஆப்ட் அப்டேட். அதன்பின் ஒரே அடியாக எல்லாவற்றையும் ஏற்றாமல், புதிய பேக்கேஜ் எதையும் சேர்க்காமல் ஏற்றக் கூடியதை மட்டும் முதலில் ஏற்றச் சொல்கிறார்கள், அப்புறம்தான் ஃபுல்-அப்கிரேட். இந்த இரண்டு படி முறையைப் பலர் தாண்டிவிடுகிறார்கள், தாண்டாதீர்கள். ஒரு பதிப்பைத் தாண்டி ஏறுவதும் கூடாது, 11-இலிருந்து நேராக 13-க்கு வழி கிடையாது.

ஐந்து மெஷினுக்கும் ஒரே பேக்கேஜ்களைத் திரும்பத் திரும்ப இறக்க வேண்டாம் என்று ஆப்ட்-கேச்சர்-என்ஜி என்ற சின்னச் சேவையை ஒரு மெஷினில் போட்டிருக்கிறேன். முதல் மெஷின் இறக்கியதை மற்றவை அதனிடமே வாங்கிக்கொள்ளும். முதல் மெஷினுக்கு இறக்கவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது, மற்ற மூன்றுக்கும் சேர்த்தே பத்து நிமிடம் தாண்டவில்லை. இரண்டுக்கு மேல் மெஷின் வைத்திருப்பவர்கள் இதை அவசியம் போட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாவது மெஷினில் பாதியில் கரண்ட் போய்விட்டது. யுபிஎஸ் இருந்தும் பேட்டரி பழசு, இரண்டு நிமிடம்கூடத் தாங்கவில்லை. எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது உண்மை. கரண்ட் வந்ததும் பழைய கெர்னலில் பூட் செய்து, ஆப்டுக்கு அடியில் பேக்கேஜ்களை உண்மையில் நிறுவும் கருவியான டிபிகேஜியின் கன்ஃபிகர் கட்டளையைக் கொடுத்தேன், பாதியில் நின்ற பேக்கேஜ்களையெல்லாம் விட்ட இடத்திலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து முடித்தது. பிறகு உடைந்த சார்புகளைச் சரிசெய்யும் ஆப்ட் கட்டளை, பிறகு மறுபடி ஃபுல்-அப்கிரேட். அவ்வளவுதான். ஒவ்வொரு பேக்கேஜும் எந்த நிலையில் நிற்கிறது, பிரித்தாகிவிட்டதா, அமைத்தாகிவிட்டதா என்பதை டிபிகேஜி ஒவ்வொரு அடியிலும் வட்டில் குறித்துக்கொண்டே போகிறது, அதனால்தான் இது முடிகிறது. முப்பது வருடத்துக்கு முந்தைய வடிவமைப்பு, தென்காசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் கைகொடுத்தது.

13-இல் வரும் ஆப்ட் 3.0-ஐத் தனியாகப் பாராட்ட வேண்டும். முன்பு நிறுவுவது, ஏற்றுவது, நீக்குவது எல்லாம் ஒரே நிறத்தில் அடைசலாக ஒரே பத்தியாக வரும். இப்போது வரிசையாகப் பிரித்து, சேர்வது பச்சையிலும் நீங்குவது சிவப்பிலும் தெரிகிறது. அன்றைக்கு நான் படிக்காமல் ஒய் அடித்த பட்டியல் இந்த வடிவத்தில் வந்திருந்தால், சிவப்பைப் பார்த்தே கை நின்றிருக்கும். ரெப்போ விவரங்களைப் புதிய வடிவத்துக்கு மாற்ற மாடர்னைஸ்-சோர்சஸ் என்று ஒரு கட்டளையும் கொடுத்திருக்கிறார்கள், நான்கு மெஷினிலும் சரியாக வேலை செய்தது.

தமிழ் விஷயத்திலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. நிறுவும் திரையே தமிழில் கிடைக்கிறது. எழுத்துருக்களுக்கு ஃபான்ட்ஸ்-டாமில் என்று தேடாதீர்கள், பேக்கேஜ் பெயரில் டி, ஏ, எம், எல் என்ற நான்கு எழுத்துதான். ஐபஸ் என்ற தட்டச்சு மென்பொருள் வழியாகத் தமிழ்99 விசைப்பலகை பஸ்டரிலிருந்து ட்ரிக்ஸி வரை ஒரு தடவைகூட உடையவில்லை. டைப் அடித்துச் சம்பாதிக்கும் கடைக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்பது கடைக்காரர்களுக்குத் தெரியும். 2023 செப்டம்பரில் டெபியனின் வருடாந்திர மாநாடு கொச்சியில் நடந்தது, அதே வருடம் ஜனவரியில் விழுப்புரத்திலும் ஒரு மினி மாநாடு நடந்தது. இதை உருவாக்குகிறவர்கள் எங்கோ இல்லை, நம் பக்கத்திலும் இருக்கிறார்கள்.

குறைகளுக்கு வருகிறேன். அமைப்புக் கோப்பு மாறியிருக்கிறது, உங்களுடையதை வைத்துக்கொள்ளவா, பராமரிப்பாளருடையதைப் போடவா என்று ஏற்றும்போது நடுநடுவே கேட்கும். பழகாதவர்களுக்கு இது திகிலான கேள்வி, எதை அழுத்தினால் என்ன ஆகும் என்று விளக்கமே போதாது. தெரியாவிட்டால் எதையும் அழுத்தாமல் என்டர் தட்டுங்கள், உங்களுடையது அப்படியே இருக்கும், புதியது பக்கத்திலேயே வேறு பெயரில் சேமிக்கப்படும். பிழைப் புகார் கொடுக்க இன்னமும் மெயில்தான். ரிப்போர்ட்பக் என்ற கருவி உதவும் என்றாலும், ஒரு வலைப் படிவம் இருந்தால் எத்தனையோ சாதாரணப் பயனர்கள் புகார் கொடுப்பார்கள், பராமரிப்பாளர்களுக்கும் அது உதவியாக இருக்கும். டெபியனின் வலைத்தளத்திலும் தகவல் எல்லாம் இருக்கிறது, ஆனால் தேடி எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

இன்னொன்று, ஐந்து வருட ஆதரவு என்று பொதுவாகச் சொல்வதைக் கொஞ்சம் கவனமாகப் புரிந்துகொள்ள வேண்டும். முதல் மூன்று வருடம் டெபியனின் பாதுகாப்புக் குழு பார்த்துக்கொள்ளும், அடுத்த இரண்டு வருடம் எல்டிஎஸ் (நீண்டகால ஆதரவு) என்ற தனிக் குழு. அந்தக் காலத்தில் எல்லா பேக்கேஜ்களுக்கும் திருத்தம் வரும் என்று உத்தரவாதம் இல்லை. டெபியன்-செக்யூரிட்டி-சப்போர்ட் என்ற பேக்கேஜை நிறுவினால் உங்கள் மெஷினில் உள்ளவற்றில் எதற்கு ஆதரவு இல்லை என்று சொல்லிவிடும். இதை ஏன் நிறுவும்போதே தானாகச் சேர்ப்பதில்லை என்பது எனக்கு வருத்தம்.

மென்பொருளே மாறிவிடுவதற்கு டெபியனைக் குறை சொல்ல முடியாது, ஆனால் பாதிப்பு நமக்குத்தான். படங்களைத் திருத்தும் கிம்ப் மென்பொருள் 12-இல் 2.10, 13-இல் 3.0. பத்திரிகை வேலைக்கு நாங்கள் வைத்திருந்த பழைய ப்ளகின்கள் 3.0-இல் ஓடவில்லை. இரண்டு வாரம் மைத்துனர் என்னிடம் முகம் கொடுத்தே பேசவில்லை. இப்போது ஒன்றை மாற்றி எழுதிக் கொடுத்துவிட்டேன், மற்றொன்றுக்கு வேறு வழி பழகிக்கொண்டார்கள். தொழில் அதை நம்பி இருந்தால், ஏற்றுவதற்கு முன் வேறொரு மெஷினில் போட்டு முக்கியமான ஃபைல்களைத் திறந்து பார்த்துவிடுங்கள்.

தினசரிப் பராமரிப்பு என்று பார்த்தால் எனக்கு வேலையே குறைவு. அனட்டென்டட்-அப்கிரேட்ஸ் ஒவ்வொரு நாளும் பாதுகாப்புத் திருத்தங்களைத் தானாகப் போட்டுவிடும், தானாக ரீபூட் செய்யாது. நீட்ரீஸ்டார்ட் எந்தச் சேவை இன்னும் பழைய லைப்ரரியிலேயே ஓடுகிறது என்று காட்டும். மாதம் ஒரு ஞாயிறு போய், பதிவேடுகளைப் பார்த்து, தேவையற்றதை ஆட்டோரிமூவ் போட்டு நீக்கி, ரீபூட் செய்து, ஒரு பக்கம் பிரின்ட் எடுத்துப் பார்த்துவிட்டு வருவேன்.

போன மாதம் வாங்கிய லேப்டாப், புத்தம் புதிய கிராஃபிக்ஸ் கார்டு, கேம் விளையாட்டு, அல்லது எந்த மென்பொருளும் வெளியான வாரமே கைக்கு வர வேண்டும் என்ற எதிர்பார்ப்பு, இதெல்லாம் இருந்தால் ஸ்டேபிள் உங்களுக்குச் சரிப்படாது. என் சொந்த லேப்டாப்பில், புதிய பதிப்புகள் உடனுக்குடன் வரும் இன்னொரு லினக்ஸான ஆர்ச் தான் இருக்கிறது, அது எனக்குப் பிடிக்கும். ஆனால் அங்கே அப்டேட் போடுவதற்கு முன் அறிவிப்புகளைப் படிப்பது என் பொறுப்பு, பாதி மட்டும் ஏற்றி நிறுத்தவும் கூடாது. நேரமும் விருப்பமும் உள்ள ஒருவருக்கு அது சரி. கடைக்கும், அப்பா அம்மாவின் கம்ப்யூட்டருக்கும், பள்ளிக்கூட லேபுக்கும் நான் டெபியன்தான் போடுவேன். மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு நாலரை, அந்த அரையை அமைப்புக் கோப்புக் கேள்விக்காகவும் பிழைப் புகார் முறைக்காகவும் பிடித்துக்கொள்கிறேன்.

ஐந்தாவது மெஷின் 32-பிட். பில் போடுவதற்கும், பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரின்டருக்கும் அதுதான். 13-இல் 32-பிட் இன்டெல்லுக்கு கெர்னலும் இல்லை, நிறுவும் வட்டும் இல்லை, அந்த வகை மெஷின்களை ஏற்ற வேண்டாம் என்று குறிப்புகளிலேயே எழுதிவிட்டார்கள். அதனால் அது 12-இலேயே நிற்கிறது. அதற்கான முழு ஆதரவு 2026 ஜூன் வரை. இரண்டாம் கை 64-பிட் மெஷின் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். பின்னால் பாரலல் போர்ட் இருக்கிறதா என்று இந்த வாரம் போய்ப் பார்க்க வேண்டும்.